வி.ஏ. கேர்கிவர் சப்போர்ட் புரோகிராம்: கொரோனா வருஷங்கள்ல யூஸ் பண்ணவளோட ரிவ்யூ (5க்கு 3½)

அமெரிக்க ஆர்மில இருந்து தலையில அடிபட்டு வந்த ஆளை வீட்ல வெச்சு பார்த்துக்கறவங்களுக்காக வி.ஏ. (முன்னாள் ராணுவ வீரர்களைக் கவனிக்கற அமெரிக்க அரசுத் துறை) நடத்தற சர்வீஸைப் பத்தி தமிழ்ல ரிவ்யூ எழுதப் போறேன்னு சொன்னதும் என் தங்கச்சி சிரிச்சா, "இதை யாரு அக்கா படிக்கப் போறா"ன்னு. ஆள் இருக்காங்கடி. 2009-ல மாவ்னின்னு ஒரு ஸ்கீம் கொண்டு வந்தாங்க, கிரீன் கார்டு இல்லாம ஸ்டூடண்ட் விசாவுலயும் எச்1பிலயும் இருக்கறவங்களும் ஆர்மில சேரலாம்னு, ஒண்ணு டாக்டரோ நர்ஸோ இருக்கணும் இல்லன்னா அவங்களுக்கு தேவைப்படற ஒரு மொழி தெரிஞ்சிருக்கணும், அந்த மொழி லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு. சேர்ந்தா சீக்கிரமே சிட்டிசன்ஷிப்பும் உண்டு. ரிசெஷன் நேரத்துல எம்.எஸ். முடிச்சிட்டு வேலை கிடைக்காம முழிச்சிட்டு நின்ன பசங்கள்ல சில பேர் அந்த வழில போனாங்க, எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர். 2016-ல ஸ்கீமை நிறுத்திட்டாங்க. ஆனா போனவங்க போனதுதான், அடிபட்டு வந்தவங்க வந்ததுதான். அந்த மாதிரி வீட்ல இருக்கற பொண்டாட்டியோ அம்மாவோ அக்காவோ யாராவது ஒருத்தர் கண்ணுல பட்டா போதும்னுதான் எழுதறேன்.

முதல்ல இந்த தலை அடி, அதாவது டி.பி.ஐ. என்னன்னு சொல்லிடறேன், ஏன்னா இது புரியலைன்னா ரிவ்யூவே புரியாது. ஆப்கானிஸ்தான்ல அவர் போன வண்டிக்கு பக்கத்துல குண்டு வெடிச்சுது. கை கால் முழுசா இருக்கு, முகத்துல ஒரு தழும்பு கூட இல்ல. வெடியோட அதிர்ச்சி அலை மண்டைக்குள்ள போய் மூளையை குலுக்கிட்டு போயிருச்சு, அவ்ளோதான். அதுக்கப்புறம் வெளிச்சம் ஆகாது, சத்தம் ஆகாது, அடுப்புல பால் வெச்சது மறந்துடும், ஒரே கேள்வியை திரும்பத் திரும்ப கேப்பார், ஒரு சின்ன விஷயத்துக்கு வர்ற கோவம் வீட்டையே அதிர வெச்சிட்டு அரை மணி நேரத்துல அவருக்கே ஞாபகம் இல்லாம போயிடும், தூக்கம் கிடையாது, நடுநடுவுல வலிப்பு. எங்க அத்தைக்கு, அதான் அவரோட அம்மாவுக்கு, இன்னிக்கு வரைக்கும் இது புரியல, திருச்சில இருந்து வீடியோ கால்ல பார்த்துட்டு "ஏம்மா, ஆளு நல்லாத்தானே இருக்கான், நீதான் ரொம்ப பயப்படறே"ன்னு சொல்லுவாங்க. அவங்கள குத்தம் சொல்ல முடியாது. 2020 ஜனவரி 8-ஆம் தேதி ஈராக்ல அல் அசாத் பேஸ் மேல ஈரான் ஏவுகணை போட்டப்போ முதல்ல அமெரிக்காக்காரங்களே ஒருத்தருக்கும் அடி இல்லன்னுதான் சொன்னாங்க, அப்புறம் 11 பேர், 34 பேர், 50 பேர்னு ஏறி கடைசில 100-ஐத் தாண்டிருச்சு, எல்லாமே மண்டைக்குள்ள பட்ட அடி. டிரம்ப் அதை தலைவலின்னு சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டாரு. நாட்டோட பிரசிடெண்டே அப்படி சொன்னா உறையூர்ல உக்காந்திருக்கற எங்க அத்தை சொல்றதுல என்ன ஆச்சரியம்.

பென்டகன் கணக்குல 2000-க்கு அப்புறம் இந்த மாதிரி தலை அடிபட்டவங்க 4 லட்சத்துக்கும் மேல, அதுல முக்காவாசிக்கும் மேல "மைல்ட்" வகை. மைல்டுன்னு சொல்றதை நம்பிடாதீங்க, அடிபட்ட அன்னிக்கு எவ்ளோ நேரம் நினைவில்லாம கிடந்தாங்கன்னு பார்த்து போடற பேர்தான் அது, அரை மணி நேரத்துக்குள்ளன்னா மைல்ட். பத்து வருஷம் கழிச்சு வீட்ல என்ன நடக்குதுங்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

சரி, சர்வீஸுக்கு வர்றேன். 2010-ல ஒபாமா கையெழுத்து போட்ட சட்டத்துல வந்தது இது. ரெண்டு தளம் இருக்கு. ஒண்ணு ஜெனரல், எந்த காலத்து வீரரா இருந்தாலும் வி.ஏ.ல பேர் பதிஞ்சிருந்தா அவரைப் பார்த்துக்கறவங்க யாரும் சேரலாம், ட்ரெயினிங், போன்ல ஆலோசனை, கோச்சிங், இதே நிலைமைல இருக்கற இன்னொரு கேர்கிவரோட பேச வைக்கறது இதெல்லாம் கிடைக்கும், காசு கிடையாது. இன்னொண்ணு காம்ப்ரிஹென்சிவ், இதுல மாசாமாசம் ஸ்டைபண்ட் உண்டு (வரி இல்ல), நமக்கு வேற இன்சூரன்ஸ் இல்லன்னா சாம்ப்விஏன்னு வி.ஏ.வோட ஹெல்த் இன்சூரன்ஸ் உண்டு, நமக்கே மனநல கவுன்சிலிங் உண்டு, வருஷத்துக்கு குறைஞ்சது 30 நாள் ரெஸ்பைட் உண்டு, அதாவது நாம ஓய்வெடுக்க அவரை வேற ஆள் பார்த்துக்கறது. முதல்ல இது 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் அடிபட்டவங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு. 2018-ல மிஷன் ஆக்ட்னு சட்டம் போட்டு, 2020 அக்டோபர்ல வியட்நாம் காலத்து ஆளுங்களையும் அதுக்கு முந்தினவங்களையும் சேர்த்தாங்க, 2022 அக்டோபர்ல பாக்கி எல்லாரையும். அப்போ பாருங்க, இத்தனை வருஷமா 70 வயசு வியட்நாம் வீரரைப் பார்த்துக்கிட்டிருந்த கிழவிக்கு ஒரு பைசா கிடையாது, கொரோனா நடுவுலதான் கதவைத் திறந்தாங்க.

இப்போ கொரோனா. டி.பி.ஐ. இருக்கற ஆளோட வாழறவங்களுக்கு ரொட்டீன்தான் உயிர். காலைல இன்ன நேரத்துக்கு எழுந்து, இன்ன கிழமை தெரபி, இன்ன கிழமை ஜிம், எல்லாம் பலகைல எழுதி சுவத்துல மாட்டி, அதைப் பார்த்து பார்த்துதான் அவர் அந்த நாளைக் கடப்பார். 2020 மார்ச்ல அந்த பலகைல இருக்கற எல்லாமே ஒரே வாரத்துல பொய்யாப் போச்சு. தெரபி இல்ல, ஜிம் இல்ல, ஸ்பீச் தெரபில மறதிக்கு சொல்லித் தர்ற அந்த அம்மாவைப் பார்க்க முடியாது. பசங்க ரெண்டு பேரும் வீட்ல இருந்தே கிளாஸ், ஒரு ரூம்ல மேத்ஸ் மிஸ் கத்தறாங்க, இன்னொரு ரூம்ல பாட்டு கிளாஸ், சத்தமே ஆகாதவர் நடுவுல. போர்வையைப் போட்டு மூடிக்கிட்டு அலமாரி இருக்கற குட்டி ரூம்ல போய் உக்காந்துக்குவார். வெளிய போனா எல்லாரும் மாஸ்க், ஏற்கனவே எதிர்ல இருக்கறவங்க கோவமா பேசறாங்களா சும்மா பேசறாங்களான்னு கண்டுபிடிக்கறதுக்கே அவர் கஷ்டப்படுவார், பாதி முகம் மூடினதும் சுத்தமா குழப்பம், கடைல ஒருத்தரோட சண்டையே வந்துருச்சு. அப்புறம் மாஸ்க் போட மறந்துடுவார், ஞாபகப்படுத்தினா கோவம் வரும், ஞாபகப்படுத்தலைன்னா எனக்கு பயம்.

அத்தை ஏப்ரல்ல வர்றதா இருந்தாங்க. டிக்கெட் எல்லாம் போட்டாச்சு, ஊறுகாய் கூட போட்டு வெச்சிருந்தாங்க. மார்ச் 23-ல இருந்து இந்தியால இன்டர்நேஷனல் ஃபிளைட் நின்னுச்சு, அப்புறம் ஸ்பெஷல் ஃபிளைட், ஏர் பபிள்னு என்னென்னமோ வந்துச்சு ஆனா வயசானவங்களை தனியா அனுப்ப யாருக்கும் தைரியம் இல்ல, 2021 மே-ல இந்தியால இருந்து வர்றவங்களை அமெரிக்காவே தடுத்துருச்சு, அது நவம்பர் வரைக்கும். ரெகுலர் ஃபிளைட் முழுசா திறந்தது 2022 மார்ச் கடைசிலதான். ஆக எனக்கு மாத்து ஆள்னு வீட்டு மனுஷங்க ஒருத்தரும் இல்லாம ரெண்டு வருஷம். நமக்கு உடம்பு சரியில்லன்னா என்ன ஆகும்ங்கற அந்த ஒரு கேள்விதான் அப்போ ராத்திரி பூரா ஓடிட்டு இருக்கும், கொரோனா எனக்கு வந்தா நான் எந்த ரூம்ல தனியா படுக்கறது, அவருக்கு மாத்திரை யார் எடுத்துக் குடுக்கறது, வலிப்பு மாத்திரை ஒரு வேளை தப்பினா என்ன ஆகும்னு எனக்குத்தான் தெரியும்.

இந்த நேரத்துல சர்வீஸ் எப்படி இருந்துச்சுன்னா, போன்ல நடக்கறது எல்லாம் அருமை, ஆள் வந்து செய்யணும்கறது எல்லாம் காகிதத்துல மட்டும்.

சப்போர்ட் லைன்ல இருந்து ஆரம்பிக்கறேன். 2011-ல இருந்தே இருக்கு, ஆனா கொரோனாவுக்கு முன்னாடி நான் சீரியஸா யூஸ் பண்ணதில்ல. எடுக்கறவங்க சோஷியல் ஒர்க்கர், ஸ்கிரிப்ட் வெச்சு படிக்கற கால் சென்டர் ஆள் கிடையாது. நான் ராத்திரி பாத்ரூம் கதவை சாத்திட்டு தண்ணியைத் திறந்துவிட்டு பேசினேன், அவருக்கு கேக்கக் கூடாதுன்னு. அந்தம்மா முதல் கேள்வியே நீ கடைசியா எப்போ சாப்பிட்டேன்னு கேட்டாங்க. எனக்கு பதில் சொல்ல தெரியல. டாக்டர்ஸ் ஆகட்டும், ஃபார்ம் ஆகட்டும், ஊர்ல இருந்து பேசறவங்க ஆகட்டும், எல்லாரும் "அவர் எப்படி இருக்கார்"னுதான் கேப்பாங்க. இந்த ஒரு விஷயத்துக்கே நான் அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன். அவங்களே எங்க ஊர் வி.ஏ. ஆஸ்பத்திரில இருக்கற கேர்கிவர் கோ-ஆர்டினேட்டருக்கும் சொல்லி வெச்சாங்க, ரெண்டு நாள்ல அங்க இருந்து போன்.

அடுத்தது ரீச் வி.ஏ.ன்னு ஒரு கோச்சிங். நாலு செஷன் மாதிரி வரும், ஒரு கோச் உங்க வீட்ல இருக்கற ஒரே ஒரு பிரச்சனையை எடுத்து அதுக்கு வழி கண்டுபிடிக்க வைப்பாங்க. எங்க வீட்ல எடுத்தது சாயந்திரம் ஆறு மணி கோவம். பார்த்தா அந்த நேரத்துலதான் நான் குக்கர் வைப்பேன், பசங்க டிவி போடுவாங்க, ஜன்னல்ல மேற்கு வெயில் நேரா மூஞ்சில அடிக்கும், மூணும் சேர்ந்து வந்தா அந்த மூளை தாங்காது. குக்கரை மதியத்துக்கு மாத்தினோம், தடிமனா ஒரு கர்ட்டன் போட்டோம், பசங்களுக்கு ஹெட்போன். கோவம் போயிடல, ஆனா பாதியாச்சு. இது வீடியோலயும் போன்லயும் நடந்ததால லாக்டவுன்ல ஒரு குறையும் இல்ல. சொல்லப்போனா ஆஸ்பத்திரிக்கு டிரைவ் பண்ணி பார்க்கிங் தேடி அவரை அந்த ட்யூப்லைட் வெளிச்சத்துல உக்கார வெச்சு தலைவலியோட திரும்பி வர்றதை விட வீடியோ எவ்வளவோ தேவலாம். வீட்ல நெட், டேப்லெட் இல்லாதவங்களுக்கு வி.ஏ.வே டேப்லெட் குடுத்தாங்க, வேணும்னா டாக்டர்கிட்ட கேக்கணும்.

ஆனின்னு ஒரு டெக்ஸ்ட் சர்வீஸும் இருக்கு. பேர் பதிஞ்சா வாரத்துல சில தடவை மெசேஜ் வரும், டென்ஷனை குறைக்க என்ன பண்ணலாம், மூச்சை எப்படி விடலாம்னு. (ஆனி ஃபாக்ஸ்னு பேர்ல் ஹார்பர் தாக்குதல் அன்னிக்கு வேலை பார்த்த ஆர்மி நர்ஸோட பேர் அது, அதுக்காக பர்பிள் ஹார்ட் பதக்கம் வாங்கினவங்க.) எனக்கு இது ஒத்து வரல. குழம்பு தாளிச்சிட்டு இருக்கும்போது போன் டிங்னு அடிச்சு உன்னை நீ பார்த்துக்கோன்னு ஒரு மெஷின் சொன்னா எரிச்சல்தான் வருது. ஆனா மனநல டாக்டர்கிட்ட போறதுக்கே கூச்சப்படற ஒரு கேர்கிவர் அம்மாவுக்கு, எங்க குரூப்ல இருக்காங்க, அவங்களுக்கு இதுதான் முதல் படி.

அந்த குரூப்பைப் பத்தியும் சொல்லணும். டி.பி.ஐ. வீட்டு பொம்பளைங்க, ரெண்டு அம்மாக்கள், ஒரே ஒரு ஆம்பளை, எல்லாரும் போன்ல கூடுவோம். நான் ஒருத்திதான் சேலை கட்டற ஜாதி, அதெல்லாம் அஞ்சு நிமிஷத்துல மறந்துடும். அங்க ஒரு அம்மா சொன்னாங்க, கொரோனால உலகமே இப்போ வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்குன்னு எல்லாரும் அழறாங்க, நான் பத்து வருஷமா இப்படித்தான் இருக்கேன், யாரும் கேக்கலைன்னு. எல்லாரும் சிரிச்சோம். தமிழ்ச் சங்கத்துல பொங்கலுக்குப் போனா மைக் செட் சத்தத்துல அவர் பத்து நிமிஷம் கூட இருக்க முடியாது, கிளம்பிடுவோம், அதைப் பார்த்து தலைக்கனம்னு பேசினவங்க உண்டு. அதனால நான் சொந்த ஜனங்களை விட இந்த குரூப்ல பேசினதுதான் அதிகம்.

இப்போ மார்க் குறையற இடம், ரெஸ்பைட். வருஷத்துக்கு 30 நாள்னு போட்டிருக்கு, கேக்க நல்லா இருக்கு. மூணு வழில கிடைக்கும்: வீட்டுக்கு ஆள் வரும், இல்ல பகல் நேர சென்டர்ல விடலாம், இல்ல வி.ஏ. நர்சிங் ஹோம்ல சில நாள் தங்க வைக்கலாம். 2020 மார்ச் 10-ஆம் தேதி வி.ஏ. தன்னோட 134 நர்சிங் ஹோமையும் வெளியாளுங்களுக்கு சாத்திருச்சு, உள்ள இருக்கற வயசானவங்களை காப்பாத்த அதைத் தவிர வேற வழி இல்ல, நான் குறை சொல்லல. பகல் சென்டரும் மூடியாச்சு. மிச்சம் வீட்டுக்கு வர்ற ஆள். அது வெளி ஏஜென்சி மூலமா வரணும், எங்களுக்கு வந்த ஏஜென்சியோட பேர் வேண்டாம், நாலு வீடு சுத்திட்டு வர்ற பொண்ணை டெஸ்ட் இல்லாம அனுப்பினாங்க, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேற வேற முகம். புது முகம் பார்த்தாலே பதறிப் போற மனுஷனுக்கு வாரம் ஒரு புது ஆள்! வந்த பொண்ணுக்கு அவர் ஏன் லைட்டை அணைக்க சொல்றார்னே தெரியல, வயசானவங்களை குளிப்பாட்டத்தான் ட்ரெயினிங் வாங்கியிருக்கு, பாவம். நான் ஓய்வெடுக்கறதுக்கு பதிலா அந்த பொண்ணுக்கு சொல்லிக் குடுத்துட்டு நின்னேன். நிறுத்திட்டேன். கேர்கிவர்களுக்கு உதவற எலிசபெத் டோல் ஃபவுண்டேஷன் மாதிரி ஆளுங்க 2020 கடைசில இலவசமா 24 மணி நேரம் வீட்டு உதவின்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, எங்க குரூப்ல வாங்கினவங்க நல்லா இருந்துச்சுன்னாங்க. 24 மணி நேரம்னா வருஷத்துக்கு ஒரு நாள். அதுவே பெருசுன்னு நினைச்சு கையெடுத்து கும்பிட்ட நிலைமைலதான் இருந்தோம்.

தடுப்பூசி விஷயத்துல மட்டும் நிஜமாவே பாராட்டணும். 2021 மார்ச் 24-ல சேவ் லைவ்ஸ் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு, வீரர்களோட சேர்த்து பொண்டாட்டி புருஷன், கேர்கிவர் எல்லாருக்கும் வி.ஏ.லயே ஊசி போடலாம்னு. அதுக்கு முன்னாடி ஊர்ல ஊசிக்கு அப்பாயின்ட்மென்ட் எடுக்க ராத்திரி 12 மணிக்கு கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து ரிஃப்ரெஷ் பண்ணிட்டு இருந்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்.

அடுத்து காசு. இதுலதான் எனக்கு மனசு ஒட்டாத இடமே இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க. ஸ்டைபண்ட் ரெண்டு லெவல், உங்க ஊர்ல ஜிஎஸ்-4 கிரேடு கவர்மென்ட் வேலைக்கு ஆரம்ப சம்பளம் என்னவோ அதை வெச்சு கணக்கு, லெவல் 2-க்கு முழுசா, லெவல் 1-க்கு 62.5 சதவீதம். நான் வேலையை விட்டவ, எங்க வீட்டுக்கு இது பெரிய தொகை, நன்றி கெட்டத்தனமா பேச மாட்டேன். ஆனா 2020 அக்டோபர்ல புது ரூல் வந்துச்சு, அடிபட்டதால எவ்ளோ ஊனம்னு வி.ஏ. போடற ரேட்டிங் 70 சதவீதம் இருக்கணும், குளிக்க, சாப்பிட, டிரஸ் போடன்னு ஏதாவது ஒரு வேலைக்கு ஒவ்வொரு தடவையும் உதவி தேவைப்படணும், இல்லன்னா தினமும் மேற்பார்வை தேவைப்படணும்னு. இந்த ரூலை எழுதினவங்க தலை அடிபட்ட ஆளோட ஒரு வாரம் இருந்து பார்த்திருக்கணும். செவ்வாய்க்கிழமை அவர் தானே குளிச்சு ஷேவ் பண்ணி பசங்களுக்கு கணக்கு சொல்லிக் குடுப்பார். புதன்கிழமை ஷவருக்குள்ள நின்னுட்டு எதுக்கு வந்தோம்னு தெரியாம தண்ணியைப் பார்த்துட்டு இருப்பார். காலே இல்லாதவருக்கு எல்லா நாளும் ஒரே மாதிரி, இந்த மூளைக்கு அப்படி இல்ல. அதிகாரி வீடியோ கால்ல வர்றது செவ்வாய்க்கிழமையா புதன்கிழமையாங்கறதுலயா ஒரு குடும்பத்தோட பிழைப்பு இருக்கணும்?

ஏற்கனவே உள்ள இருந்த எல்லாரையும் புது ரூல்படி திரும்ப அளக்கறோம்னு ஆரம்பிச்சாங்க, அதுவும் கொரோனா நடுவுல. நாடு பூரா கேர்கிவர்ஸ் கத்தினாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு, 2022-ல ஆளுங்களை வெளியேத்தறதை நிறுத்தி வெச்சாங்க. எங்க கேஸ் நல்லபடியா இருக்கு, ஆனா அந்த காலத்துல தூங்கினேன்னு சொன்னா பொய். கேர்கிவர் மனசு நல்லா இருக்கணும்னு நடத்தற புரோகிராம்தானே இது? ஆனா காசு வரணும்னா அவர் மோசமா இருக்கணும். அவர் ஒரு நாள் தானா மாத்திரை டப்பாவை நிரப்பிட்டு சின்ன பிள்ளை மாதிரி பெருமையா வந்து நிக்கும்போது, என் மனசுல முதல்ல ஓடினது, இதை கேட்டா சொல்லணுமே, சொன்னா லெவல் குறையுமோன்னுதான். சந்தோஷம் ரெண்டாவதாத்தான் வந்துச்சு. நான் எவ்ளோ களைச்சுப் போயிருக்கேன்னு அளக்கறதுக்கு ஜாரிட்னு 22 கேள்வி இருக்கற ஸ்கேல் பல வருஷமா உலகம் பூரா இருக்கு. 120 நாளுக்கு ஒரு தடவை வெல்னஸ் கான்டாக்ட்னு வந்து என்னையும் கேக்கறாங்க, நல்லா கேக்கறாங்க. ஆனா அந்த பதிலால லெவல்ல ஒரு ரூபா கூடவும் கூடாது, குறையவும் குறையாது. ஒன்றரை மார்க் நான் வெட்டினது பாதி ரெஸ்பைட்டுக்கு, பாதி இதுக்கு.

ஒண்ணு மட்டும் இப்போ நல்லது நடந்திருக்கு. முன்னாடி எல்லாம் வி.ஏ. முடியாதுன்னா வி.ஏ. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குள்ளயே முறையிடலாம், அதோட சரி. தலையில பல தடவை அடிபட்டு பார்வையும் போன ஒரு மரீன் படை வீரரும் அவர் மனைவியும் போட்ட பியூடெட் கேஸ்ல 2021 ஏப்ரல்ல கோர்ட், கேர்கிவர் முடிவுகளையும் அப்பீல் போர்டுக்கு கொண்டு போகலாம்னு தீர்ப்பு சொல்லிருச்சு. அதனால முடியாதுன்னு லெட்டர் வந்தா அதோட விட்டுடாதீங்க.

சேரணும்னு நினைக்கறவங்களுக்கு: ஃபார்ம் நம்பர் 10-10சிஜி, ஆன்லைன்லயே போடலாம், அவரும் கையெழுத்து போடணும், அவர் நல்லா இருக்கற நாள் பார்த்து கேளுங்க. போடறதுக்கு முன்னாடி ரெண்டு மூணு மாசம் ஒரு நோட்டு போட்டு கெட்ட நாள்ல என்ன நடந்துச்சுன்னு தேதி போட்டு எழுதுங்க, அடுப்பு அணைக்காம விட்டது, வழி தெரியாம நின்னது, வலிப்பு, எல்லாம். வீடியோ கால்ல அவர் மானத்துக்காக எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லுவார், ராணுவத்துக்காரங்க எல்லாரும் சொல்லுவாங்க, அந்த நோட்டுதான் உங்களுக்காக பேசும். காசு வேணாம், பேச ஆள் மட்டும் போதும்னா ஃபார்மே வேணாம், சப்போர்ட் லைன் 855-260-3274, திங்கள்ல இருந்து வெள்ளி வரை காலை 8-ல இருந்து ராத்திரி 10 வரைக்கும், சனிக்கிழமை 8-ல இருந்து 5, ஈஸ்டர்ன் டைம். அவருக்கோ உங்களுக்கோ உயிரை விட்டுடலாம்னு தோணற அளவுக்கு போனா நேரம் பார்க்காம 988 அடிச்சு 1-ஐ அமுக்குங்க, குடும்பத்து ஆளுங்களும் கூப்பிடலாம். ரெஸ்பைட்டை மட்டும் நம்பி ஊருக்கு டிக்கெட் போட்டுடாதீங்க, ஆள் நேர்ல வந்து கதவைத் தட்டி, அவரும் அந்த ஆளோட ரெண்டு நாள் பழகிட்டார்னா அப்புறம் போடுங்க.